கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்

கிருஷ்ணகிரி நகர்மன்ற உறுப்பினர்கள், ஊரில் கடையும் ஹோட்டலும் நடத்துகிற முதலாளிமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பழையபேட்டையில் ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். வயது 52. மூன்று வருஷமாக வலது முழங்காலில் தேய்மானம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் பாதியை நான் எழுதினேன், மீதியை அந்த முழங்கால் எழுதியது.

போன பங்குனியில் ஒரு நாள், டாக்டரைப் பார்த்துவிட்டு ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் வந்தேன். பகல் பன்னிரண்டு மணி. காலில் ஊசி போட்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எங்காவது உட்காரலாம் என்று பார்த்தேன். டீக்கடையில், இடுப்பு உயரத்துக்கு ஒரு தகர மேஜை, சுற்றி நின்றபடி ஆண்கள். "சேர் இல்லக்கா, நின்னே குடிச்சிருங்க" என்றார் மாஸ்டர். அடுத்தது பேக்கரி. அங்கேயும் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுதான் பஃப்ஸ் தின்ன வேண்டும். மருந்துக்கடையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் பிரஷர் பார்க்க ஒரு பெரியவர். ஷட்டர் போட்டிருந்த ஒரு கட்டடத்தின் படியில் உட்காரப் போனால், அதில் யாரும் உட்காரக் கூடாதென்றே இரும்பு முள் பதித்திருந்தது. புறா உட்காராமல் இருக்க முள் வைப்பார்களே, அதே மாதிரி.

கடைசியில் இடம் கொடுத்தது ஒரு பூக்கார அம்மா. தன் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, குடையை என் பக்கம் சாய்த்தார். "உக்காரு. எந்திரிக்கும்போது ரெண்டு முழம் வாங்கிக்கோ." வாங்கினேன். முப்பது வருஷமாக இந்த ஊரில் வரி கட்டுகிற எனக்கு, அன்றைக்கு ஊர் கொடுத்த ஒரே ஆசனம் அந்த கிரேட்.

பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணினேன். காசு கொடுக்காமல், யாரும் முறைக்காமல், ஒரு பொம்பளை அரை மணி நேரம் உட்காரக்கூடிய இடம் நம்மூரில் எத்தனை? கோயில் மண்டபம், அதுவும் நடை திறந்திருக்கிற நேரத்தில். நூலகம். பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிக்கிற சாமர்த்தியம் இருந்தால் பஸ் ஸ்டாண்ட். மற்ற ஊர்க்காரர்களுக்கு ரயில்வே பிளாட்பாரம் என்று ஒன்று உண்டு, வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சோடு. நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குட்டி ரயில் இங்கே வந்து போயிற்றாம். அதையும் எடுத்துவிட்டார்கள். மாவட்டத் தலைநகராகி இருபது வருஷம் தாண்டியும் ரயில் இல்லாத ஊர் நாம்.

சாலைக்குக் குறைவில்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை நம்மைத் தொட்டுத்தான் போகிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிற 48 வருகிறது. திண்டிவனத்துக்கு 77. நாட்டில் பாதிப் பேர் ஒரு தடவையாவது நம் ஊரைக் கடந்திருப்பார்கள். அவர்களுக்கு வசதி நன்றாகவே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் பித்தளை டபராவில் டிகிரி காபி, கூரை போட்ட குடில், குழந்தைக்கு ஊஞ்சல், சுத்தமான கழிப்பறை, கார் நிறுத்த ஒரு ஏக்கர். கடந்து போகிறவனுக்கு நாற்காலி, குடியிருக்கிறவளுக்குத் தகர மேஜை. என் புகார் இவ்வளவுதான். இனி விவரம்.

டீக்கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா புளி மண்டியில் மூட்டை தூக்கியவர். காலையில் வேலைக்கு முன்னால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்களோடு கேட்டுவிட்டுத்தான் மண்டிக்குப் போவார். ஒரே பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஓடும். அப்பா நாலிலும் சண்டை போடுவார். அந்த பெஞ்சு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். சாலை அகலமாகி கடைக்கு முன்னால் இருந்த நாலடி போயிற்று. வாடகை ஏறிற்று. ஒரு டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அரசியல் பேசுகிற நாலு பேரை வைத்துப் பிழைக்க முடியாது. பார்சல் டீ, பேப்பர் கப், நின்றபடி குடித்துக் கிளம்புகிற ஆள், இவர்களை வைத்துத்தான் கடை ஓடுகிறது. கணக்கு சரிதான்.

அந்தப் பழைய பெஞ்சைப் பற்றி ரொம்ப உருகவும் எனக்கு இஷ்டமில்லை. அதில் என் அம்மா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அப்பாவுக்கு பெஞ்சு இருந்த காலத்தில் அம்மாவுக்கு இருந்தது வீட்டுத் திண்ணை. அதில் உட்கார்ந்து புளி தட்டுவார். மாசி, பங்குனியில் மூட்டை மூட்டையாக மண்டியிலிருந்து வரும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தெரு முழுக்க டொக் டொக்கென்று சத்தம். பெண்கள் திண்ணைக்குத் திண்ணை கதை பேசியபடி வேலை செய்வார்கள். வழிப்போக்கர்களும் அதே திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். சாலையைப் போடப் போட மட்டம் ஏறி, திண்ணை தரையோடு தரையாகி, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதென்று நாங்களே இடித்து கிரில் கேட் போட்டோம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, போட்டது நாங்கள்தான்.

அப்புறம் புதுசாக வந்திருக்கிற கஃபேக்கள். ஏசி, சுவரில் நியான் எழுத்து, பிளாஸ்டிக் கொடி, கோல்டு காபி 120 ரூபாய். இதைக் கிண்டல் செய்வதற்கென்றே ஒரு நாள் மகளோடு போனேன். நுரையைத் தூக்கி உதட்டில் ஒட்டவைக்கிற காபிக்கு நூற்றிருபதா, களியும் கீரைக் கடைசலும் ரெண்டு வேளைக்கு வருமே என்று பேச வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். காரணம், பக்கத்து மேஜையில் மூன்று காலேஜ் பெண்கள். நோட்டை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காலை மடக்கி நாற்காலியில் ஏற்றி வைத்திருந்தாள். வீட்டில்கூட அப்படி உட்கார விடமாட்டார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கூல்டிரிங்க். ஒன்றரை மணி நேரம். கல்லாவில் இருந்த பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் பார்த்தவரை, நம்மூர்ப் பெண்பிள்ளைகள் துணைக்கு ஆண் இல்லாமல் உட்கார்ந்து பேசுகிற முதல் கடை இதுதான். அதனால் கஃபேக்காரர்களுக்கு என் வணக்கம். ஒரே ஒரு விண்ணப்பம்: மெனுவில் கடைசியாக, சின்ன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இருபது ரூபாய்க்கு ஒரு டீ வையுங்கள். அந்த மூன்றாவது பெண்ணுக்கு நாற்காலிக் கட்டணம் அது. இன்னொன்று ஊர்ப் பெரியவர்களுக்கு. பையனும் பெண்ணும் ஒரே மேஜையில் இருந்தார்கள் என்று கடைக்குள் போய் சத்தம் போடுகிற வேலை வேண்டாம். நீங்கள் நாலு தடவை சத்தம் போட்டால், பயந்துகொண்டு எல்லாப் பெண்களையும் வீட்டில் பூட்டுகிற அப்பாக்கள் நாற்பது பேர் வருவார்கள்.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். காலை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு இந்திராநகரில் ஒரு பப்புக்குக் கூட்டிப் போனாள். புடவை கட்டிய அம்மா நான் ஒருத்திதான். எனக்கு லைம் சோடா. அவள் என்ன குடித்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. ஆனாலும் அங்கே ஒன்றைக் கவனித்தேன். ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டில் சாப்பாடு வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறார்கள். குடி ஓரமாக இருக்கிறது. பேச்சு நடுவில் இருக்கிறது.

நம்மூரில் பப் கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டப்படி கிளப்புக்கும் நட்சத்திர ஹோட்டலுக்கும்தான் உட்கார்ந்து குடிக்கத் தனியாக உரிமம், மற்றவர்களுக்கு டாஸ்மாக்கும் அதை ஒட்டிய பாரும். பப் வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, வெயிலுக்கும் மழைக்கும் கூரையோடு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பாத இடம் என்று ஆண்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கூட்டாளியோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நினைக்கிற ஆளுக்கு வேறு எங்கே நாற்காலி இருக்கிறது? குடிக்கிறவன் எல்லோரும் நாற்காலிக்காகப் போகிறான் என்று சொல்லவில்லை. சில பேர் போகிறார்கள். என் வீட்டிலேயே ஒருவர் அப்படிப் பழகியவர்தான்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாலு பக்கமும் நெடுஞ்சாலை ஓடுகிற ஊரில் 500 மீட்டர் தள்ளினால் எங்கே போகும்? தோட்டத்துக்கும் தெருவுக்கும்தான். அடுத்த வருஷமே நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை இல்லை என்று விளக்கமும் வந்துவிட்டது. 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 கடைகளை மூடினார்கள், அது நல்லது. மீதிக் கடைகள் எந்த வழியில் இருக்கின்றன என்பதையாவது நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை விட்டு வரும் பெண்கள் இரவு எட்டு மணிக்கு எந்தத் தெரு வழியாக நடக்கிறார்கள், எங்கே நடையைக் கூட்டுகிறார்கள், எங்கே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறார்கள் என்று என்னிடம் கேட்டால் வரைபடமே போட்டுத் தருவேன். ஏரிக்கரையில் உடைந்து கிடக்கிற பாட்டிலுக்கு நீலகிரியில் வழி கண்டுபிடித்தார்கள். 2022ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பத்து ரூபாய் என்றால் நம் ஆட்களும் குனிந்து பொறுக்குவார்கள்.

சரி, அடுத்து ஜவுளிக்கடை. இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. தையல் மிஷின் வாங்குவதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. கடைப் பெயர் வேண்டாம், அந்த முதலாளி என் கல்யாணத்துக்குப் புடவை கொடுத்தவர். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது. சாப்பாட்டுக்கு அரை மணி. வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். யாருமே வராத செவ்வாய்க்கிழமை மதியம், ஃபேன் மட்டும் சுற்றுகிற கடையில், நாங்கள் பதினோரு பேர் வரிசையாக நின்றுகொண்டிருப்போம். அலமாரியில் சாய்ந்தால் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுவார். உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். நாங்கள் கண்டுபிடித்த தந்திரம், கீழ்த்தட்டில் உள்பாவாடை அடுக்குவது. அடுக்கி முடிந்ததைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவோம். அதற்காக இரண்டு நிமிஷம் குந்தலாம் அல்லவா. தீபாவளிச் சமயத்தில் வீட்டுக்குப் போனதும் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்தால்தான் வீக்கம் வடியும். கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்ட நரம்பு எங்கள் பதினோரு பேரில் ஏழு பேருக்கு இருந்தது. என் முழங்காலை நான் கெடுத்துக்கொண்ட இடம் அதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கேரளாவில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் இதற்காகவே சங்கம் சேர்ந்து போராடி, 2018ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக வாங்கினார்கள். நம் மாநிலத்திலும் 2021ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை பார்க்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை கட்டாயம் கொடுக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க வைக்கக் கூடாது. அந்தச் சட்டம் வந்தபோது நான் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் துணி எடுக்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது ஸ்டூலைத்தான். சில கடைகளில் இருக்கிறது. சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் புடவைக்கட்டு இருக்கிறது.

முதலாளிமாரே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருநூறு முந்நூறு ரூபாய். உங்கள் கடைப் பையின் அச்சுக் கூலிகூட அதைவிட அதிகம். சில பேர் சொல்வது, "வர்றவங்க தப்பா நினைப்பாங்க, உக்காந்திருந்தா சோம்பேறிக் கடைன்னு ஆயிரும்" என்று. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால் துணி எடுக்க வருகிற அக்கா தங்கைகளுக்கும் சொல்கிறேன். நீங்கள் உள்ளே நுழையும்போது அந்தப் பெண் எழுந்திருக்க ஐந்து நொடி எடுத்தால் அது மரியாதைக்குறைவு ஆகாது. நாற்பது புடவையைப் பிரிக்கவைத்து "அப்புறம் வரேன்" என்று போகிறோமே, அதை அவள் பொறுக்கவில்லையா?

இனி அந்தப் பூக்கார அம்மா. அவருக்கு நான் கடன்பட்டவள் என்பதால் சட்டத்தையே தேடிப் படித்தேன், மகள் உட்கார்ந்து புரியவைத்தாள். 2014ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம். ஊரில் எத்தனை பேர் தெருவில் விற்கிறார்கள் என்று கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் சான்று கொடுக்க வேண்டும். அதுவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி கணக்கு. வியாபாரக் குழு ஒன்று அமைத்து, அதில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரை தெருவில் விற்க இடம் ஒதுக்கலாம். 2011 கணக்கெடுப்பில் நம் நகராட்சியில் 71 ஆயிரம் பேர். அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் 1,700 பேருக்கு மேல் இடம் உண்டு.

மாம்பழக் காலத்தில் சாலை ஓரம் கூடை வைத்திருக்கிற பாட்டிகளைப் பாருங்கள். செந்தூரா ஒரு கூடை, பெங்களூரா ஒரு கூடை, மல்கோவா என்றால் தனியாகத் துணி போட்டு மூடி. மாங்கூழ்த் தொழிற்சாலைக்கு லாரியில் போகிற காய்க்கு உள்ள மரியாதை கூடைக்கு இல்லை. வருஷா வருஷம் மாங்கனிக் கண்காட்சி நடத்துகிறோம், ஏசி ஸ்டாலில் மாம்பழத்தை அடுக்கி போட்டோ எடுக்கிறோம். அந்தக் கண்காட்சியில் இந்தப் பாட்டிகளுக்கு ஒரு வரிசை கொடுங்கள் என்று ஒரு யோசனை. மற்ற நாட்களில் அவர்கள் உட்காரும் இடத்துக்குக் கோடு போட்டு எண் கொடுத்தாலே போதும். போலீஸ் ஜீப் வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வயதா அது? கூடைக்காரி குடை விரித்தால் இரண்டு பேர் நிற்க நிழல் கிடைக்கிறது. அதற்கே ஊர் அவருக்குக் கூலி கொடுக்கலாம்.

பச்சை இடம் என்று பேசும்போது எல்லோரும் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவைச் சொல்வார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்த 1957ல் திறந்த அணை, கீழே பூங்கா, வெளியே வறுத்த மீன். எனக்கும் பிடிக்கும். அவதானப்பட்டி ஏரியில் படகும் இருக்கிறது. ஆனால் அணை ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு, வண்டி வைத்துக்கொண்டு போகிற இடம். நான் கேட்பது செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, நடந்து போய், தனியாக உட்காருகிற இடம்.

என் பக்கத்தில் ஒரு சின்ன பூங்கா உண்டு. பூங்கா காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் திறந்திருக்கும். நடுவில் பூட்டு. பகலில் வெயில் கொளுத்தும்போது, உள்ளே இரண்டு புங்கமரமும் அதன் நிழலும் பூட்டுக்குள் சும்மா இருக்கும். வெளியே கம்பி வேலியின் குச்சி நிழலில் ஒரு கட்டட வேலைக்காரப் பெண் சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்திருப்பாள். பகலில் திறந்தால் பசங்க வந்து குடிப்பார்கள், ஜோடிகள் வருவார்கள் என்கிறார்கள். ஆள் இல்லாத இடத்துக்குத்தான் அவர்கள் வருவார்கள். பாட்டிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் டிபன் பாக்ஸுகளும் நிறைந்த இடத்துக்கு வர மாட்டார்கள். உள்ளே இருப்பதும் நடைபாதை, எட்டுப் போட்ட தடம், கால் ஆட்டுகிற இரும்பு மிஷின். உடம்பு இளைக்க வேண்டியவர்களுக்கு எல்லாம் இருக்கிறது. களைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

பெங்களூர் ரோட்டிலும் ராயக்கோட்டை ரோட்டிலும் புது மனைப்பிரிவுகள் முளைக்கின்றன. விளம்பர நோட்டீஸில் பாருங்கள், நடுவில் ஒரு துண்டு பச்சை நிறத்தில் "பூங்கா" என்று இருக்கும். அது விற்பவர் போடுகிற பிச்சை இல்லை. 2019ல் வந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது இரண்டரை ஏக்கர் அளவுக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். அப்படியானால் அந்தத் துண்டு ஏற்கெனவே ஊருடையது. நான் துணி அளவெடுக்கப் போகிற வீடுகளின் பக்கத்தில் அந்தப் பச்சை நிறத்தைத் தேடியிருக்கிறேன். ஒன்றில் பார்த்தீனியம், ஒன்றில் மணல் குவியல், ஒன்றில் யாரோ மாடு கட்டியிருந்தார்கள். மாடாவது நிழல் இருக்கும்வரை படுத்திருந்தது. உறுப்பினர்களே, உங்கள் வார்டில் அப்படி எத்தனை துண்டு இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, நகராட்சிச் சுவரில் ஒட்டுங்கள். செலவு, ஒரு தாள்.

மரம் வைப்பதென்றால் பூச்செடி வேண்டாம். சாலை அகலமானபோது போன புளியமரங்களின் நிழலை என் வயதுக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஒரு புளியமரம் ஒரு பஸ் நிறுத்தத்துக்குச் சமம். புளி வளர நாளாகும் என்றால் புங்கன் வையுங்கள், சித்திரை வெயிலுக்குச் சரியாகப் புதுத் தழை விட்டுக் கூடாரம் மாதிரி நிற்கும். வேம்பு, நாவல் எதுவானாலும் சரி. தேவசமுத்திரம் ஏரிக்கரை, சின்ன ஏரிக்கரை இரண்டிலும் ஐம்பதடிக்கு ஒன்று வைத்தால், பத்து வருஷத்தில் எனக்கு 62, அங்கே போய் உட்காருவேன்.

கடைசியாக பெஞ்சு. இதற்குக் காசு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் மாவட்டத்துக் கருங்கல்லை அறுத்து மெருகேற்றிக் கப்பலில் அனுப்புகிறோம், எந்த நாட்டு விமான நிலையத்தின் தரையிலோ போய்ப் பதிகிறது. பட்டறைகளுக்கு வெளியே ஓரம் உடைந்த பலகை, அளவு தப்பிய பலகை எத்தனை சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கிரானைட் முதலாளிமார் ஆளுக்கு இரண்டு பலகை கொடுத்தால், கீழே இரண்டு வரிசை செங்கல் கட்டினால், அது பெஞ்சு. துருப்பிடிக்காது, உடையாது, திருடினால் தூக்க நாலு பேர் வேண்டும். வேண்டுமானால் கொடுத்தவர் பெயரை ஓரத்தில் வெட்டிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்சிக் கொடியின் நிறம் மட்டும் அடிக்க வேண்டாம்.

அளவும் சொல்லிவிடுகிறேன், அளவெடுப்பது என் தொழில். நீளம் ஆறடி, மூன்று பேர் இடிக்காமல் உட்காரலாம். அகலம் ஒன்றேகால் அடி. உயரம் ஒன்றரை அடி, அதற்குக் கீழே போனால் முழங்கால்காரர்கள் உட்கார்ந்தாலும் எழுந்திருக்க முடியாது. முனையை உருட்டி மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புடவை கிழியும். மேலே நிழல் இல்லாத இடத்தில் போடாதீர்கள், பகலில் கருங்கல் தோசைக்கல் ஆகிவிடும்.

முதல் பலகைக்கு இடம் நானே பார்த்து வைத்திருக்கிறேன். என் கடைக்கு எதிரே சாக்கடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், அடியில் ஆறடிக்குக் கொஞ்சம் கூடவே இடம் இருக்கிறது, நேற்று டேப் வைத்துப் பார்த்தேன். செங்கலுக்கும் கொத்தனார் கூலிக்கும் என் பங்காக மூவாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் முடித்தால் நல்லது. ஆள் வந்தால் கடையில் கேட்கச் சொல்லுங்கள், மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பழையபேட்டைத் தையல்காரி